பார்வை போன பின் காசு நூல் தந்த சர் வால்டர் எல்லியட்

பழைய காசு ஒன்றுகூட இல்லாத தமிழர் வீடு நம் நாட்டில் குறைவு. தோட்டத்து லயத்திலிருந்து பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிமாறிய குடும்பமாக இருந்தாலும் பாட்டியின் தகரப் பெட்டியோ பழைய மைலோ டின்னோ கூடவே வந்திருக்கும். அதைத் திறந்தால் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தலை போட்ட சதுர ஒரு காசு, ஜப்பான்காரன் காலத்து வாழைமர நோட்டு, தாத்தா ஊரிலிருந்து வரும்போது மடியில் முடிந்து கொண்டுவந்த காலணா, இன்னதென்று தெரியாத தேய்ந்த செப்புக் காசு ஒன்றிரண்டு கிடைக்கும். இது என்ன விலை போகும் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். இது என்ன காசு என்ற கேள்வி பிறகுதான் வருகிறது.

இப்படி வரிசை மாறிக் கேட்பதால்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும், மறுபக்கம் ராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ போட்ட செப்புக் காசைப் பலர் பார்த்திருப்பீர்கள். லட்சக்கணக்கில் விலை போகும், பூஜையறையில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்றெல்லாம் சொல்லி விற்பார்கள். அப்படி ஒரு செப்புக் காசைக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. ஆனால் இந்தப் புரளிக்குள் அரை உண்மை ஒன்று ஒளிந்திருக்கிறது. மதராஸில் கம்பெனி அடித்த தங்க வராகனில் பெருமாள் உருவம் மெய்யாகவே இருந்தது. எது மெய், எது கட்டுக்கதை என்று பிரித்துச் சொல்ல, காசின் எடை, உலோகம், எழுத்து, சின்னம், அடித்தவர் யார் என்ற விவரங்களைப் பதிந்து வைத்த நூல் வேண்டும். காசு வாங்குவதற்கு முன் காசைப் பற்றிய புத்தகத்தை வாங்கு என்று மூத்த சேகரிப்பாளர்கள் இளையவர்களிடம் சொல்வது இதனால்தான்.

தென்னிந்தியக் காசுகளுக்கு அப்படிப்பட்ட நூல்களின் வரிசையில் முன்னால் நிற்பது சர் வால்டர் எல்லியட் எழுதிய 'காயின்ஸ் ஆஃப் சதர்ன் இந்தியா'. ஆந்திரர், பல்லவர், சாளுக்கியர், கதம்பர், சோழர், பாண்டியர், சேரர் என்று தெற்கே ஆண்டவர்களின் காசுகளை வம்சவாரியாக ஒரே நூலில் அடுக்கிக் காட்டிய முதல் பெரிய முயற்சி அது. 1885-86-இல் லண்டனில் வெளிவந்தது. அப்போது நூலாசிரியருக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. கண் பார்வையும் போய்விட்டது.

எல்லியட் 1803-ஆம் ஆண்டு ஜனவரி 16-இல் எடின்பரோவில் பிறந்தார். ஸ்காட்லாந்தின் தென் எல்லையில் ரோக்ஸ்பரோ வட்டாரத்தில் வுல்ஃபிலீ என்ற பண்ணை அவர்களுடைய குடும்பச் சொத்து. கொஞ்சம் பள்ளியிலும் கொஞ்சம் வீட்டில் தனி ஆசிரியரிடமும் படித்த பையன், கம்பெனியில் எழுத்தர் வேலை கிடைத்ததால் 15 வயதில் ஹெய்லிபரி கல்லூரிக்குப் போனார். இந்தியாவுக்கு அனுப்பும் இளைஞர்களைக் கம்பெனி பயிற்றுவித்த இடம் அது. எழுத்தர் என்றவுடன் நம் தோட்டத்துக் கிராணியை நினைத்துவிடக் கூடாது. கலெக்டர், நீதிபதி, கவர்னரின் ஆலோசகர் என்று மேலே போகும் ஏணியின் முதல் படிக்கு அந்தப் பெயர் வைத்திருந்தார்கள்.

1821-இல் மதராஸில் இறங்கினார். புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியில் புதிதாக வந்த வெள்ளைக்கார இளைஞர்களுக்கு உள்ளூர் மொழிகளைக் கற்பித்தார்கள். எல்லியட் தமிழிலும் இந்துஸ்தானியிலும் தேர்ந்து 1,000 வராகன் பரிசு பெற்றார். பின்னாளில் வராகனுக்கே வரலாறு எழுதப் போகிறவர் முதலில் வாங்கிய பரிசும் வராகன் கணக்கில் அமைந்தது நல்ல பொருத்தம்தான்.

வராகனைப் பற்றி இங்கே இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். வராகம் என்றால் பன்றி. சாளுக்கிய மன்னர்கள் தங்கள் பன்றிச் சின்னத்தைத் தங்கக் காசில் பொறித்தார்கள். அந்தக் காசுக்கு அதுவே பெயராயிற்று. பின்னால் பன்றி போய்ப் பெருமாளும் அம்மனும் கோவிலும் வந்தபோதும் பெயர் மாறவில்லை. வெள்ளைக்காரர்கள் அதைப் பகோடா என்றார்கள். மதராஸ் கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். 1818-இல் ரூபாய்க் கணக்குக்கு மாறியபோது ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள். நம் பாட்டிமார் பேச்சில் வந்த பணம், காசு, துட்டு எல்லாம் இப்படித் தனித்தனியாகப் புழங்கிய நாணயங்கள்தாம். இன்று மூன்றையும் ஒரே பொருளில் சொல்கிறோம்.

1823-இல் சேலம் கலெக்டருக்கு உதவியாளராக வேலை தொடங்கினார். அங்கே நீண்ட நாள் இருக்கவில்லை. தென் மராட்டியப் பகுதிக்கு, இன்றைய கர்நாடகத்தின் தார்வார் பக்கம், மாற்றிவிட்டார்கள். போன மறு ஆண்டே உயிருக்கு ஆபத்து வந்தது.

கித்தூர் என்ற சிறு சமஸ்தானத்தின் அதிபர் பிள்ளையில்லாமல் 1824-இல் இறந்தார். தத்துப்பிள்ளையை ஏற்க முடியாது என்று கம்பெனி அதிகாரி தாக்கரே கறாராக நின்றார். கோட்டைக்குள் இருந்த ராணி சென்னம்மா பணியவில்லை. அக்டோபர் 23-ஆம் தேதி நடந்த சண்டையில் தாக்கரே சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லியட்டும் ஸ்டீவன்சன் என்ற இன்னொரு உதவியாளரும் ராணியின் ஆட்களிடம் பிணையாகச் சிக்கினார்கள். எல்லியட்டுக்கு அப்போது வயது 21. ஏறக்குறைய ஆறு வாரம் கைதியாக இருந்தார். டிசம்பர் தொடக்கத்தில் இருவரையும் உயிரோடு விடுவித்தார்கள். பிறகு கம்பெனிப் படை கோட்டையைப் பிடித்தது. சென்னம்மாவைச் சிறை வைத்தார்கள். 1829-இல் சிறையிலேயே அவர் உயிர் பிரிந்தது. இன்று கர்நாடகம் அவரை வீரத்தாயாகக் கொண்டாடுகிறது. அந்தக் கோட்டையில் எல்லியட்டின் கதையும் முடிந்திருந்தால் தென்னிந்திய நாணய ஆராய்ச்சி இன்னும் ஒரு தலைமுறை பின்தங்கியிருக்கும் என்று சொல்லத் தோன்றுகிறது. வரலாற்றில் யாருடைய நியாயம் யாருக்கு நன்மையாக முடிகிறது என்று கணக்குப் போடுவது கடினம். சென்னம்மாவின் பக்கம் நியாயம் இருந்தது. பிடித்த கைதிகளைக் கொல்லாமல் விட்டதும் அவர்கள் தரப்புதான்.

அதே வட்டாரத்தில் எல்லியட் 1833 வரை வேலை பார்த்தார். அவருடைய உண்மையான படிப்பு அங்கேதான் தொடங்கியது. வரி விவகாரமாகவும் வழக்கு விவகாரமாகவும் ஊர் ஊராகக் குதிரையில் போக வேண்டிய உத்தியோகம். போகும் இடமெல்லாம் கோவில் சுவரிலும் ஏரிக்கரையிலும் பழைய எழுத்து பொறித்த கற்கள் நின்றன. ஊர்க்காரர்களுக்கு அவற்றைப் படிக்கத் தெரியவில்லை. அந்த எழுத்தைப் படிக்கக்கூடிய பண்டிதர்களை எல்லியட் தேடிப் பிடித்தார். அவர்களை வைத்துக் கல்வெட்டுகளைப் படியெடுத்தார். இப்படிச் சேர்ந்தவை 595 படிகள். அவற்றைக் கொண்டு சாளுக்கிய வம்சத்து அரசர்களை ஆண்டு வரிசையில் நிறுத்தி ஒரு கட்டுரை எழுதினார். 1837-இல் லண்டன் ராயல் ஏஷியாடிக் சங்கத்தின் இதழில் அது வந்தது. பிறகு கன்னடக் கல்வெட்டுகளில் உழைத்த ஃப்ளீட் போன்றவர்கள் அந்தப் படித் தொகுப்பிலிருந்தே தொடங்கினார்கள்.

காசு சேகரிப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. தெற்கத்திப் பழங்காசுகளில் பெரும்பாலானவற்றில் ஆண்டு கிடையாது. அரசன் முகம் கிடையாது. சிலவற்றில் பெயர்கூட முழுதாக இருக்காது. ஒரு பன்றியோ புலியோ மீனோ இருக்கும், பக்கத்தில் இரண்டெழுத்து இருக்கும். இவ்வளவை வைத்து இது யாருடைய காசு என்று எப்படிச் சொல்வது? கல்வெட்டில் அரசனின் பட்டப்பெயரும் ஆண்டும் கொடிச் சின்னமும் இருக்கும். காசில் உள்ள துண்டுச் சேதியை அதோடு சேர்த்து வைத்தால் விடை கிடைக்கும். எல்லியட் முதலில் கல்வெட்டைப் படித்தார், அப்புறம்தான் காசைத் தொட்டார். வேறு சிலர் அழகான காசுகளை அள்ளிச் சேர்த்துவிட்டுக் கதை கட்டினார்கள். எல்லியட்டின் நூல் இன்றும் நிற்பதற்கு இந்த வரிசைதான் காரணம் என்பது என் எண்ணம்.

காசு கிடைப்பதும் எளிதாக இல்லை. வயலில் ஏர் உழும்போதும் கிணறு வெட்டும்போதும் பானை பானையாகப் புதையல் வெளிவரும். கண்டெடுத்தவர் ரகசியமாக ஆசாரியிடம் கொண்டுபோவார். அவர் உருக்கித் தாலியாகவும் தோடாகவும் அடித்துக் கொடுத்துவிடுவார். சராப்புக் கடைக்கு வந்ததும் உலைக்குத்தான் போகும். எத்தனை சோழன் காசு இப்படி நகையாகிப் போயிற்றோ! உலைக்குப் போவதற்கு முன்னால் எட்டிப் பிடித்தவைதான் எல்லியட் போன்றவர்களின் பேழைக்கு வந்தன.

1833-இல் விடுப்பில் கிளம்பி எகிப்து, துருக்கி, கிரேக்கம், ரோமாபுரி எல்லாம் பார்த்துவிட்டு 1835-இல் ஊர் போய்ச் சேர்ந்தார். மதராஸ் கவர்னராக நியமிக்கப்பட்ட உறவினர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவுக்கு அந்தரங்கச் செயலாளராக 1836-இல் மறுபடி கப்பலேறினார். மூன்றாண்டு கழித்து மால்டா தீவில் திருமணம்.

விலங்கு, பறவை, செடி கொடியிலும் அவருக்குத் தீராத ஈடுபாடு. தென் மராட்டிய நாட்டுப் பாலூட்டிகளைப் பற்றி எழுதினார். அணிலைப் போன்ற தோற்றமுள்ள மர மூஞ்சூறு இனம் ஒன்று இன்றும் அறிவியல் பெயரில் எல்லியட் பெயரைச் சுமக்கிறது. சார்லஸ் டார்வின் புறாக்களை ஆராய்ந்தபோது இந்தியப் புறாக்களின் தோல்களை அனுப்பி உதவினார். 1859-இல் வெளிவந்த தம்முடைய புகழ்பெற்ற நூலில் டார்வின் அவர் பெயரைச் சொல்லி நன்றி தெரிவித்திருக்கிறார். ஒரே ஆள் வரி அதிகாரியாகவும் புறாத்தோல் சேகரிப்பவராகவும் கல்வெட்டு படிப்பவராகவும் இருக்க முடிந்த காலம் அது. வேலைக்காரர்களும் முன்ஷிகளும் பண்டிதர்களும் சுற்றி நின்றதால்தான் முடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வெயிலில் நின்று கல்லைத் துடைத்துப் படியெடுத்தவர்களின் பெயர் நூல் அட்டைகளில் இல்லை.

1845-இல் குண்டூருக்கு அனுப்பப்பட்டார். 1832-33-இல் வந்த கொடும் பஞ்சத்தில் அந்த மாவட்டம் மக்களைப் பெருமளவில் இழந்திருந்தது. பத்தாண்டுக்கு மேல் ஆகியும் ஊர்கள் தலையெடுக்கவில்லை, வரியும் வரவில்லை. ஏன் என்று விசாரிக்கத்தான் எல்லியட் போனார். பிறகு வட சர்க்கார் மாவட்டங்கள் முழுவதற்கும் ஆணையராகி 1854 வரை அங்கே இருந்தார்.

குண்டூருக்குப் போன அதே ஆண்டில் கிருஷ்ணா நதிக்கரையில் அமராவதி மேட்டைத் தோண்டினார். ஒரு காலத்தில் பெரிய பௌத்தத் தூபி நின்ற இடம். கர்னல் காலின் மெக்கன்சி அதை 1797-லேயே பார்த்து எழுதியிருந்தார். ஊர்க்காரர்கள் சிற்பக் கற்களைக் கட்டடத்துக்கு எடுத்தார்கள், சுண்ணாம்புக்காகச் சுட்டார்கள். எல்லியட் நூற்றுக்கும் மேற்பட்ட சிற்பங்களை மதராஸுக்கு அனுப்பிவைத்தார். அங்கே அவை பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. 1859-இல் லண்டனுக்குக் கப்பலேறின. அங்கும் ஒரு பழைய மாளிகையின் குதிரைலாயத்தில் போட்டு மறந்துவிட்டார்கள். 1867-இல் ஃபெர்குசன் என்ற கட்டடக்கலை அறிஞர்தான் தேடிக் கண்டுபிடித்தார். 1880-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போன அந்தச் சிற்பங்களுக்கு வெகுகாலம் எல்லியட் மார்பிள்ஸ் என்றே பெயர் இருந்தது. சுண்ணாம்புக் காளவாயிலிருந்து காப்பாற்றினார் என்பது ஒரு கணக்கு. அமராவதியின் அழகை அமராவதியில் பார்க்க முடியாமல் செய்தவர்களில் அவரும் ஒருவர் என்பது இன்னொரு கணக்கு. இரண்டும் உண்மை.

1854-இல் மதராஸ் கவர்னரின் ஆலோசனைச் சபை உறுப்பினரானார். வடக்கே சிப்பாய்க் கலகம் எரிந்த 1857-58-ஆம் ஆண்டுகளில்தான் மதராஸ் இலக்கிய, அறிவியல் சங்கத்து இதழில் தென்னிந்தியக் காசுகளைப் பற்றித் தொடர் கட்டுரைகள் வெளியிட்டார். பெரிய நூலுக்கு அது முன்னோட்டம். 1858-இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து விக்டோரியா ராணிக்கு மாறியபோது கவர்னர் ஹாரிஸ் பிரபு உடல்நலமின்றி இருந்தார். மூத்த உறுப்பினர் என்ற முறையில் மதராஸில் அந்த அறிவிப்பைச் செய்யும் பொறுப்பு எல்லியட்டுக்கு வந்தது. கம்பெனியின் காசைப் பரிசாகக் கணக்கிட்டு வாங்கியவரே கம்பெனியின் ஆட்சி முடிந்ததைப் பகிரங்கமாகச் சொல்ல வேண்டியதாயிற்று. 1860-இல் ஓய்வு பெற்றுக் கப்பலேறினார். 1866-இல் சர் பட்டம் கிடைத்தது.

பிறகு 27 ஆண்டுகள் வுல்ஃபிலீயில் வாழ்ந்தார். ஊர்ப் பொறுப்பு, தேவாலயப் பொறுப்பு, கடிதப் போக்குவரத்து என்று பொழுது போயிற்று. காசு நூலை அப்போதே எழுதி முடித்திருக்கலாம். எழுதவில்லை. முதுமையில் கண் மங்கத் தொடங்கியது. கடைசி ஆண்டுகளில் பார்வை அறவே போயிற்று.

இந்த நேரத்தில்தான் லண்டனில் ட்ரூப்னர் பதிப்பகம் கீழைநாட்டுக் காசுகளைப் பற்றிப் பெரிய நூல் வரிசை ஒன்றை வெளியிட்டுவந்தது. வில்லியம் மார்ஸ்டன் அறுபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய 'நியூமிஸ்மாட்டா ஓரியண்டாலியா' என்ற நூலைப் புதுப்பித்து விரிவாக்கும் வேலை அது. மார்ஸ்டன் நமக்கு அந்நியர் அல்லர். சுமத்ரா தீவின் பென்கூலனில் கம்பெனி உத்தியோகம் பார்த்து, சுமத்ரா வரலாறும் 1812-இல் மலாய் அகராதியும் இலக்கணமும் எழுதியவர் அவர்தான். தாம் சேர்த்த காசுகளை 1834-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். மலாய் மொழிக்கு அகராதி தந்தவர் தொடங்கிய வரிசையில்தான் தமிழ் மன்னர்களின் காசு நூலும் வந்து சேர்ந்தது.

அந்த வரிசைக்குத் தென்னிந்தியப் பகுதியை எழுதித் தரும் பொறுப்பை ஏற்றபோது எல்லியட்டுக்கு 80 வயது. காசைப் பற்றி எழுதுவது என்றால் என்ன வேலை என்று யோசித்துப் பாருங்கள். மிளகாய் விதை அளவு எழுத்தை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். இது புள்ளியா தேய்மானமா, இது மீனா வில்லா என்று முடிவு செய்ய வேண்டும். பார்வை உள்ளவர்களையே தடுமாற வைக்கும் வேலை. எல்லியட் தம் பழைய குறிப்புகளைப் பிறர் வாசிக்கக் கேட்டு, சொல்லச் சொல்லப் பிறர் எழுத, நினைவில் இருந்த காசுகளைக் கொண்டு நூலை முடித்தார். அறுபது ஆண்டுகளுக்கு முன் தார்வாரில் பார்த்த கல்லும் நாற்பது ஆண்டுகளுக்கு முன் குண்டூரில் கைக்கு வந்த காசும் மனத்தில் இருந்ததால்தான் முடிந்தது. தங்கக் காசையும் ஈயக் காசையும் விரலால் தடவியே அடையாளம் கண்டிருப்பாரோ என்றுகூட நினைக்கத் தோன்றுகிறது.

நூல் பெரிதல்ல. நூற்றைம்பது பக்கத்தைச் சற்றுத் தாண்டும். கடைசியில் நான்கு படப்பக்கங்களும் ஒரு நிலப்படமும் உண்டு. சோழமண்டலக் கரையில் கிடைத்த, இரட்டைப் பாய்மரக் கப்பல் பொறித்த ஈயக் காசுகளை அதில் காணலாம். அவற்றைக் குறும்பர், பல்லவர் காசு என்று எல்லியட் கருதினார். சாதவாகனர் காலத்தவை என்று பின்வந்தவர்கள் திருத்தினார்கள். யாருடையதானாலும், கடல் கடந்து வந்த நமக்கு அந்தச் சிறு கப்பலைப் பார்க்கும்போது மனம் ஒரு கணம் நிற்கும்.

உத்தம சோழன் பெயர் பொறித்த தங்கக் காசையும் படத்தோடு வெளியிட்டார். ராஜராஜனுக்கு முன் அரியணையில் இருந்த மன்னர் அவர். சோழர் காசுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லியட்டின் அந்தப் படத்துக்கு இன்றும் திரும்பிப் போகிறார்கள். கங்கைகொண்ட சோழன் என்ற பட்டப்பெயர் தாங்கிய காசும் அந்த நூலில் உண்டு. அது ராஜேந்திர சோழனின் பட்டம். 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடற்படை அனுப்பிக் கடாரம் வென்றவர் அவர். கடாரம் என்பது நம் கெடாதான். பூஜாங் பள்ளத்தாக்குக்குச் சுற்றுலா போகும் நம் பிள்ளைகளிடம் அந்த மன்னனின் காசில் புலி, மீன், வில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் என்று சொன்னால், மூவேந்தர் பாடம் அவர்கள் மனத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும்.

எல்லியட்டின் நூலை வேதவாக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. சங்ககாலத்து மன்னர்கள் பெயர் பொறித்துக் காசு அடித்தார்கள் என்பது அவர் காலத்தில் தெரியாது. பெருவழுதி என்ற தமிழ் பிராமி எழுத்துள்ள பாண்டியர் செப்புக் காசை டாக்டர் இரா. கிருஷ்ணமூர்த்தி 1980-களில்தான் அடையாளம் கண்டு வெளியிட்டார். அவருடைய 'சங்ககாலத் தமிழ் நாணயங்கள்' இன்று தமிழ்க் காசு சேகரிப்போர் தவறாமல் பார்க்க வேண்டிய நூல். எல்லியட்டுக்குப் பிறகு லோவெந்தால் என்ற பாதிரியார் 1888-இல் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றித் தனி நூல் எழுதினார். மறு ஆண்டு கேப்டன் டஃப்னெல் தென்னிந்தியக் காசு சேகரிப்போருக்கென்றே ஒரு கையேடு போட்டார். 1908-இல் ராப்சன் தொகுத்த பிரிட்டிஷ் அருங்காட்சியகப் பட்டியல் சாதவாகனர் காசுகளுக்கு இன்றும் அடிப்படை. அந்த அருங்காட்சியகத்தில் எல்லியட் சேர்த்த காசுகளும் இருக்கின்றன. தேசிகாச்சாரியின் 'சவுத் இந்தியன் காயின்ஸ்' 1933-இல் வந்தது. நம் நாட்டுக் காசுகளுக்கு சரண் சிங் 1986-இல் வெளியிட்ட கலைக்களஞ்சியம் இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், புருணை மூன்று நாட்டுக் காசுகளும் 1400-ஆம் ஆண்டிலிருந்து அதில் அடங்கும். பாட்டியின் சதுரக் காசுக்கு விடை அங்கே கிடைக்கும்.

விலைப் பட்டியல் நூல் வேறு, ஆதார நூல் வேறு. விலை ஆண்டுக்கு ஆண்டு மாறும். எடையும் உலோகமும் எழுத்தும் மாறாது. ராஜராஜனின் செப்புக் காசு கைக்கு வந்தால், எழுத்து தமிழாக இல்லையே, இது போலி என்று சிலர் ஒதுக்கிவிடுவார்கள். அதில் நாகரி எழுத்தில்தான் ராஜராஜ என்று இருக்கும். ஒரு பக்கம் நிற்கும் மனிதன், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் மனிதன். இதெல்லாம் தெரிந்தவரை யாரும் லேசில் ஏமாற்ற முடியாது. இன்னொன்று, பழைய காசைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எழுத்து அதோடு போய்விடும். எல்லியட்டின் நூலுக்கு இந்தியாவில் மறுபதிப்பு வந்திருக்கிறது. காப்புரிமைக் காலம் முடிந்த நூல் என்பதால் மின்வடிவில் இலவசமாகவும் படிக்கலாம்.

நூல் வெளிவந்து சில மாதங்களே எல்லியட் உயிரோடு இருந்தார். அந்தச் சமயத்தில் ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்துவந்த ஜி. யு. போப் திருக்குறளை ஆங்கிலத்தில் பதிப்பித்திருந்தார். அந்தப் பதிப்பைப் பற்றிய குறிப்பு ஒன்றை எல்லியட்டுக்கு யாரோ படித்துக் காட்டினார்கள். அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. 1887-ஆம் ஆண்டு மார்ச் 1-ஆம் தேதி காலையில் போப்புக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதச் செய்தார். கடைசியில் கையெழுத்தை மட்டும் தம் கையாலேயே போட்டார். அன்று மாலை, அதிக வேதனையில்லாமல், 84-ஆவது வயதில் காலமானார்.